மூச்சு வாங்கினா நில்லுங்க: தாம்பரத்திலிருந்து பர்வதமலைக்கு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடு முடியும்போது, "அடுத்த தடவை மலை ஏறின கதையைச் சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான். "எனக்கு நாற்பது தாண்டிடுச்சு. தொப்பை இருக்கு. ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. நான் எல்லாம் மலை ஏறலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஏறலாம். ஆனா கூட வர்றவங்க எத்தனை பேர் இருந்தாலும், "கொஞ்சம் நில்லுங்க, என்னால முடியல"ன்னு கூச்சப்படாம சொல்லத் தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சா மீதியெல்லாம் பழகிக்கலாம். அது தெரியலைன்னா எவ்வளவு நல்ல ஷூ வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல. ஏன் இப்படிச் சொல்றேன்னு இன்னைக்கு விவரமா பேசலாம்.

நான் எந்த நிலைமையில இருந்தேன்

முதல்ல என் கணக்கு. வயசு 43. எடை 96 கிலோ. வீடு கிழக்கு தாம்பரம், வேலை கிண்டி பக்கம். நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். சின்ன வயசுல கிரிக்கெட் ஆடினதைத் தவிர விளையாட்டுன்னு எதுவும் கிடையாது. தாம்பரம் ஸ்டேஷன்ல நடைமேம்பாலம் ஏறி லோக்கல் பிடிக்கறதுதான் எனக்கு அன்றாட உடற்பயிற்சி. மேல போய் நின்னு போனைப் பார்க்கற மாதிரி நடிப்பேன். மூச்சு வாங்கறது பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல! [சிரிப்பு]

நம்மள்ல நிறைய பேர் இதைப் பண்றோம். பாலத்துல நடிச்சா ஒண்ணும் ஆகாது. அதே நடிப்பை மலையில நடிச்சாதான் பிரச்சனை.

எங்க தெருவுலயும் ஆபீஸ்லயும் சேர்ந்து ஏழு பேர் பர்வதமலை போகலாம்னு பேச்சு வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துல, திருவண்ணாமலை ஊர்லயிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உச்சியில மல்லிகார்ஜுனேஸ்வரர், பிரம்மராம்பிகை கோயில். கடல் மட்டத்துலயிருந்து சுமார் 4,500 அடி உயரம். பௌர்ணமிக்குப் பெரிய கூட்டமே ஏறும். அதனால "எல்லாரும்தான் போறாங்க, நமக்கென்ன"ன்னு ஒரு நினைப்பு வந்துடும்.

அந்த நினைப்பு எங்க கொண்டு போய் விடும்னு செய்தியிலயே பார்த்திருப்பீங்க. கோயம்புத்தூர் பக்கம் வெள்ளியங்கிரியில, 2024 சீசன்ல, ஏழு மலை ஏறப் போனவங்கள்ல பல பேர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னு வழியிலயே இறந்து போனாங்க. இதய நோய், மூச்சுப் பிரச்சனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கறவங்க ஏற வேண்டாம்னு வனத்துறை கேட்டுக்கிட்டது. இறந்தவங்க யாரும் சாகசக்காரங்க இல்ல. பக்தியோட போன சாதாரண ஜனங்க. நம்மள மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு

பர்வதமலை அடிவாரமே கடல் மட்டத்துக்குச் சில நூறு அடி மேலதான் இருக்கு. அதைக் கழிச்சாலும், நாம ஏற வேண்டியது எப்படியும் 3,500 அடி இருக்கும். நம்ம பரங்கிமலை சுமார் 300 அடி. அதாவது, பரங்கிமலையை ஒரே நாள்ல பன்னிரண்டு தடவை ஏறணும்.

என் உடம்பையும் பையையும் சேர்த்து 100 கிலோன்னு வச்சுக்கோங்க. அதை 3,500 அடி தூக்கணும்னா, பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்குப்படி சுமார் 250 கலோரி வேலை. நம்ம தசை சாப்பிட்ட சக்தியில கால்வாசியைத்தான் வேலையா மாத்தும். மீதி சூடாப் போயிடும். அதனால உடம்பு செலவு பண்றது சுமார் 1,000 கலோரி. ஓடினாலும் சரி, ஊர்ந்தாலும் சரி, இந்தத் தொகை பெருசா மாறாது.

மாறறது அதைக் கட்டற வேகம். ரெண்டு மணி நேரத்துல ஏறினா மணிக்கு 500 கலோரி. அஞ்சு மணி நேரத்துல ஏறினா மணிக்கு 200. கடன் ஒண்ணுதான், தவணைதான் வேற. பெரிய தவணை கட்டறப்போ கஷ்டப்படறது இதயம். பழக்கமில்லாத உடம்புக்கு மலையோட உயரத்தை விட, நாம அதுல போற வேகம்தான் ஆபத்து. இதைப் புரிஞ்சுக்கிட்டப்புறம் எனக்குப் பாதி பயம் போயிடுச்சு. ஏன்னா உயரத்தை நான் குறைக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்.

டாக்டர் கிட்ட போனது

நாற்பது தாண்டின எல்லாரும் முதல்ல டாக்டரைப் பார்க்கணும்னு எங்க குழுவுல முடிவு பண்ணினோம். எனக்கு ரத்த அழுத்தம் எல்லையில இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தப்புறம் டிரெட்மில் டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தார். "ஈ.சி.ஜி.தான் நார்மலா இருக்கே டாக்டர்?"னு கேட்டேன். "படுத்துக்கிட்டு எடுக்கறது அது. நீங்க படுத்துக்கிட்டா மலை ஏறப் போறீங்க?"ன்னார்.

இது முக்கியம். ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தாலும், ஓய்வுல எடுக்கற ஈ.சி.ஜி. சில பேருக்கு நார்மலாவே வரும். உடம்புக்கு வேலை கொடுக்கும்போதுதான் தெரியும். அதுக்குத்தான் நடக்க வச்சுப் பார்க்கற டெஸ்ட். எனக்கு அது சரியா வந்தது. "மூணு மாசம் பழகிட்டுப் போங்க"ன்னு சொன்னார். எங்க ஏழு பேர்ல எல்லாரும் அந்த டெஸ்ட் எடுக்கல. சில பேர் ஈ.சி.ஜி.யோட நிறுத்திட்டாங்க. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வீட்டுப் பக்கத்து மலைகள்

தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சென்னை முழுக்கத் தட்டையான ஊர்னு சொல்வாங்க. தெற்குப் பக்கம் அப்படியில்ல. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை குமரன் குன்றம், திருநீர்மலை, வண்டலூர்னு வரிசையா குன்றுகள். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதே இல்ல.

நான் பரங்கிமலையில ஆரம்பிச்சேன். தாம்பரத்துல லோக்கல் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். வண்டி போற ரோடு ஒரு பக்கம், படி ஒரு பக்கம். 130க்கும் மேல படிகள். 18ஆம் நூற்றாண்டுல பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி கட்டிக் கொடுத்தது. முதல் நாள் நான் ஆறு இடத்துல நின்னேன். மேல போனா ஏர்போர்ட் ஓடுபாதை தெரியும். ஒரு விமானம் கிளம்பி, இன்னொண்ணு இறங்கற வரைக்கும் எனக்கு மூச்சு அடங்கல.

அந்த மலையைப் பத்தி ஒரு விஷயம். 1802ல வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கற பெரிய வேலையை ஆரம்பிச்சது இங்கதான். பரங்கிமலை பக்கத்துல தொடங்கி பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஒரு நேர்கோடு. ஏழரை மைல், நம்ம கணக்குல 12 கிலோமீட்டர். நூறு அடிச் சங்கிலியை நானூறு தடவை நீட்டி நீட்டி அளந்தாங்க. எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? 57 நாள். இன்னைக்கு பைக்ல அரை மணி நேரம், டிராஃபிக் இருந்தா ஒரு மணி நேரம். ஆனா அந்த 57 நாள் அளவு சரியா இருந்ததாலதான் பின்னாடி இமயமலை உயரம் வரைக்கும் கணக்குப் போட முடிஞ்சது. நான் படியில மூச்சு வாங்கி உட்காரும்போதெல்லாம், "லாம்டன் ஒரு நாளைக்குக் கால் கிலோமீட்டர்கூடப் போகல, நமக்கென்ன அவசரம்"னு நினைச்சுக்குவேன்.

அந்தக் கல்லும் விசேஷமானது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னோகைட்னு பேரு. கொல்கத்தாவுல இருக்கற ஜாப் சார்னாக்கோட கல்லறை இந்தக் கல்லுதான். அதை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலண்டு 1893ல அவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டார். பல்லாவரத்துலதான் 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல் கருவி ஒண்ணைக் கண்டெடுத்தார். இந்தியாவுல அந்த வகையில முதல்ல கிடைச்சது அது. நாம தினம் ரயில் ஜன்னல்ல பார்த்துக்கிட்டுப் போற குன்றுப் பக்கம் மனுஷன் லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே ஏறி இறங்கியிருக்கான். நமக்குத்தான் மூச்சு வாங்குது.

நாலு வாரம் கழிச்சு திருநீர்மலை. பல்லாவரத்துலயிருந்து கிட்டத்தான். 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அடிவாரத்துல நின்ற கோலம், மலை மேல இருந்த, கிடந்த, நடந்த கோலம்னு பெருமாள் நாலு விதமா சேவை சாதிக்கற இடம். இருநூறு படிக்கும் மேல. முகூர்த்த நாள்ல போகாதீங்க, கல்யாணக் கூட்டம் நெரியும். இங்கதான் வெறுங்கால்ல ஏறப் பழகினேன். பத்து மணிக்கு மேல கல் கொதிக்க ஆரம்பிச்சுடும், அதனால சீக்கிரமே போயிடணும்.

எட்டாவது வாரம் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். வேதகிரீஸ்வரர் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி. இறங்கறதுக்குத் தனி வழி இருக்கு, போற வழியில ஒருகல் மண்டபம். அந்த இறக்கம் செங்குத்தா இருக்கும். அன்னைக்குத்தான் ஒரு பாடம் கிடைச்சது. ஏறினப்போ மூச்சுதான் வாங்கிச்சு. இறங்கினப்போ தொடை நடுங்கிச்சு. மறுநாள் ஒண்ணும் பெருசா இல்ல. அதுக்கு அடுத்த நாள் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுந்திருக்கவே முடியல.

ஏன்னா, ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது அதே தசை நீண்டுகிட்டே பாரத்தைத் தாங்குது. பிரேக் பிடிச்சுக்கிட்டே வண்டி இறக்கற மாதிரி. பழக்கமில்லாத தசையில அப்போதான் நுண்ணிய காயங்கள் அதிகம். வலி ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். அதனால மலைக்குப் பழகறவங்க படி ஏறிட்டு லிஃப்ட்ல இறங்காதீங்க. இறங்கியும் பழகணும்.

எப்படி நடக்கறது

மூணு மாசத்துல நான் கத்துக்கிட்ட நடை இதுதான்.

ஒண்ணு, பேச்சுச் சோதனை. நடந்துக்கிட்டே ஒரு முழு வாக்கியம் நிறுத்தாம பேச முடியணும். "இன்னைக்கு வெயில் கொஞ்சம் கம்மியா இருக்கு, பரவாயில்ல"ன்னு ஒரே மூச்சுல சொல்ல முடிஞ்சா வேகம் சரி. நடுவுல மூணு தடவை மூச்சு வாங்கினா வேகம் அதிகம். இதுக்கு வாட்ச் தேவையில்ல.

ரெண்டு, சின்ன அடி. பெரிய படியில ஒரேயடியா காலைத் தூக்கி வைக்காம, பக்கத்துல ஒரு சின்னக் கல் இருந்தா அதுல வச்சு ரெண்டா பிரிச்சு ஏறணும்.

மூணு, களைச்சதும் உட்காராம, களைக்கறதுக்கு முன்னாடியே நிக்கறது. இருபது நிமிஷம் நடை, மூணு நிமிஷம் நின்னுக்கிட்டே ஓய்வு. ரொம்ப நேரம் உட்கார்ந்தா உடம்பு ஆறிப் போய், எழுந்திருக்க மனசு வராது.

நாலு, குழுவுல யார் மெதுவோ அவர்தான் முன்னாடி நடக்கணும். நம்ம வழக்கம் தலைகீழ். வேகமா இருக்கறவன் முன்னாடி ஓடி, மேல உட்கார்ந்து பத்து நிமிஷம் ஓய்வெடுப்பான். மெதுவா வர்றவர் வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா அண்ணே, கிளம்பலாமா?"ம்பான். ஓய்வு தேவையானவருக்கு ஓய்வே கிடைக்காது. அவரும் கூச்சத்துல எழுந்து நடப்பார். மலையில பல ஆபத்து இங்கதான் ஆரம்பிக்குது.

முதல் தடவை

டிசம்பர் மாசம். கிளாம்பாக்கத்துல ராத்திரி பஸ் பிடிச்சு திருவண்ணாமலை, அங்கிருந்து வேன் பேசி தென்மாதிமங்கலம். விடியறப்போ நடக்க ஆரம்பிச்சோம். முதல்ல படிக்கட்டு. கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு விதி பேசி வச்சிருந்தோம். யாராவது ஒருத்தர் இறங்கணும்னா கூட ரெண்டு பேர் இறங்கணும். காரணம் கேட்கக் கூடாது. கேலி பண்ணக் கூடாது.

எங்க அபார்ட்மெண்ட் சார் ஒருத்தர். வயசு 54. ஒல்லியான உடம்பு, என்னை விட நல்லாவே நடப்பார். அவர் அனுமதியோடதான் இதைச் சொல்றேன். படிக்கட்டு முடியற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அவர் பின்தங்க ஆரம்பிச்சார். நான் எப்பவும் கடைசி ஆள். என்னை விட ஒருத்தர் மெதுவா வர்றாரேன்னு திரும்பிப் பார்த்தேன். டிசம்பர் காலைக் குளிர், அவர் நெத்தியெல்லாம் வியர்வை. கை தொட்டா ஜில்லுனு இருந்தது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. நைட்டு பஸ்ஸுல சாப்பிட்டது. கேஸ்தான்."

"தாடைகிட்ட ஏதாவது வலிக்குதா சார்?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "லேசா இழுக்கற மாதிரி இருக்கு. நீங்க போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்"னார்.

பத்து நிமிஷம் உட்கார வச்சோம். சாதாரணமா மூச்சு வாங்கினா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும். அவருக்கு அடங்கல. ஒரு முழு வாக்கியம் பேசச் சொன்னேன். பாதியிலயே நிறுத்திட்டார். நான், என் மச்சான், அவர் மூணு பேரும் இறங்கறதா முடிவு பண்ணினோம். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. "என்னால உங்க ரெண்டு பேருக்கும் தரிசனம் கெடணுமா? இவ்வளவு தூரம் வந்துட்டு? மானம் போகுது"ன்னார். எனக்கும் உள்ளுக்குள்ள வருத்தம் இல்லாம இல்ல. மூணு மாசப் பயிற்சி. மேல மேகம் விலகி உச்சி தெரியுது. ஆனா பேசி வச்ச விதி இருந்ததால வாதாட வேண்டியிருக்கல. "சார், காரணம் கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே கை தூக்கினீங்க"ன்னேன்.

அவர் பையை மச்சான் வாங்கிக்கிட்டார். அவரை நடுவுல விட்டு, அம்பது படிக்கு ஒரு தடவை உட்கார வச்சு இறக்கினோம். இறங்க இறங்க 108க்குப் போன் பண்ணிக்கிட்டே வந்தோம், சிக்னல் விட்டு விட்டுக் கிடைச்சது. ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. 108 அடிவாரம் வரைக்கும்தான் வரும். நீங்க பாதி மலையில இருந்தா, நாலு பேர் தோள்லயோ டோலியிலயோதான் கீழ வரணும். அதுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? எவ்வளவு மேல போறோமோ, அவ்வளவு தூரம் ஆஸ்பத்திரியும் தள்ளிப் போகுது. அறிகுறி தெரிஞ்ச இடத்துலயே திரும்பணும், "அடுத்த மண்டபம் வரைக்கும் பார்க்கலாம்"ங்கறது கூடவே கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

அன்னைக்கு மத்தியானம் திருவண்ணாமலையில ஆஸ்பத்திரி. ரெண்டு நாள்ல சென்னை. ஆஞ்சியோ பண்ணினதுல ரெண்டு இடத்துல அடைப்பு, ஒண்ணு பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வச்சாங்க. ஆகஸ்டுல எடுத்த ஈ.சி.ஜி. நார்மல்னு வந்தவர் அவர். டிரெட்மில் டெஸ்ட் எடுக்காதவர்கள்ல ஒருத்தர்.

இப்போ நல்லா இருக்கார். சாயங்காலம் வாக்கிங் வர்றார். அவர் சொன்னதுல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. "அந்த வலி எனக்கு முப்பது படிக்கு முன்னாடியே வந்துடுச்சு. நீங்க திரும்பிப் பார்க்கலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்"னார். நல்ல படிப்பு, நல்ல வேலை, விவரமான மனுஷர். உயிர் போற வலியைக்கூட மறைக்கற அளவுக்கு ஒரு கூச்சம்.

ரெண்டாவது தடவை

பிப்ரவரியில மறுபடி போனோம், அஞ்சு பேர். இந்தத் தடவை எல்லாரும் டிரெட்மில் டெஸ்ட் முடிச்சிருந்தோம். முன்னாடி நடந்தது நான். ஏன்னா நான்தான் மெது. ஆபீஸ் தம்பி ஒருத்தன், இருபத்தாறு வயசு, "அண்ணே, உங்க வேகத்துல போனா நாளைக்குத்தான் சாமி பார்ப்போம்"னான். "நாளைக்கும் சாமி அங்கதான்டா இருக்கும்"னேன்.

படிக்கட்டு முடிஞ்சா கரடுமுரடான கல் பாதை. ஒழுங்கான உயரமே கிடையாது, ஒரு கல் முழங்கால் அளவு, அடுத்தது இடுப்பு அளவு. இந்தப் பகுதிதான் மனசைச் சோர்வடைய வைக்கும். ஒவ்வொரு திருப்பத்துலயும் முடிஞ்சிடும்னு தோணும், முடியாது. நான் உச்சியைப் பார்க்கறதை விட்டுட்டேன். அடுத்த இருபது கல்லை மட்டும் பார்த்தேன். இருபது நிமிஷம், மூணு நிமிஷம். எலுமிச்சை ஜூஸ் விக்கற ஒரு அம்மா என்னைப் பார்த்து, "மெதுவா வா சாமி, மலை ஓடிப் போயிடாது"ன்னாங்க. மூணு மாசம் நான் படிச்ச எல்லாத்தையும் அவங்க ஒரே வரியில சொல்லிட்டாங்க.

கடைசியில செங்குத்துப் பாறை. கடப்பாறைப் படி, ஏணிப் படி, ஆகாயப் படின்னு சொல்வாங்க. பாறையில இரும்பை அடிச்சு இறக்கி, பிடிச்சுக்க சங்கிலி போட்டிருக்காங்க. இங்க பலத்தை விட நிதானம்தான் வேணும். ரெண்டு கை, ரெண்டு காலு, இந்த நாலுல மூணு எப்பவும் உறுதியா ஊன்றியிருக்கணும். ஒண்ணை மட்டும்தான் நகர்த்தணும். கையில போன், தண்ணி பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. பின்னாடி இருக்கறவங்க அவசரப்படுத்தினா, இடம் இருக்கற இடத்துல ஒதுங்கி வழி விடுங்க. பயந்து நடுவுல நின்னுட்டா பரவாயில்ல, மூச்சை இழுத்து விட்டுட்டு அடுத்த இரும்பைப் பாருங்க. எனக்குக் கை நடுங்கிச்சு. அந்தத் தம்பிதான் பின்னாடியிருந்து, "அண்ணே, வலது கால் அரை அடி மேல, அங்க இடம் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தான்.

அஞ்சு மணி இருபது நிமிஷம் ஆச்சு மேல போக. அங்க சாமிக்கு நாமளே அபிஷேகம் பண்ணலாம். அபார்ட்மெண்ட் சார் கொடுத்து விட்ட விபூதிப் பொட்டலத்தை வச்சு வேண்டிக்கிட்டோம். அரை மணி நேரத்துல கிளம்பிட்டோம். உச்சிக்குப் போனது பாதிப் பயணம்தான். களைச்ச காலோட இறங்கற மீதிப் பாதியிலதான் சறுக்கறது, கணுக்கால் பிசகறது எல்லாம். குச்சியை முன்னாடி ஊன்றி, முட்டியை லேசா மடக்கி, பக்கவாட்டுல இறங்கினோம். நாலு மணி நேரம் ஆச்சு. இருட்டறதுக்கு முன்னாடி அடிவாரம் வந்துட்டோம்.

புதுசா போறவங்களுக்கு

சுருக்கமா சொல்லிடறேன்.

நாற்பது தாண்டினவங்க, சர்க்கரை, பி.பி. இருக்கறவங்க, புகை பிடிக்கறவங்க, குடும்பத்துல சீக்கிரமே இதய நோய் வந்தவங்க, டாக்டர்கிட்ட "மலை ஏறப் போறேன்"னு தெளிவா சொல்லி என்ன டெஸ்ட் வேணும்னு கேளுங்க. சும்மா "செக்கப்"னு சொல்லாதீங்க.

வாரத்துக்கு மூணு நாள் நடை, ஒரு நாள் படி. பரங்கிமலை, திருநீர்மலை, திருக்கழுக்குன்றம்னு படிப்படியா ஏத்துங்க. பன்னிரண்டு வாரம் கொடுங்க. என் எடை இந்தக் காலத்துல 96லயிருந்து 91 ஆச்சு, அவ்வளவுதான். ஒல்லியாகணும்னு காத்திருக்க வேண்டியதில்ல.

ரெண்டு, மூணு லிட்டர் தண்ணி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். தினமும் சாப்பிடற மாத்திரையை மறக்காதீங்க. புது ஷூவை மலையில முதல் தடவை போடாதீங்க. பிளாஸ்டிக்கை மலையில விட்டுட்டு வராதீங்க. ஏப்ரல், மே வெயில்ல முதல் மலையைத் தொடாதீங்க.

காட்டுப் பாதைன்னா அனுமதி இல்லாம போகவே கூடாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி குரங்கணியில காட்டுத் தீயில சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்ததை மறக்க முடியாது. இப்போ அரசே 2024 அக்டோபர்லயிருந்து டிரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகளை, எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சு வழிகாட்டியோட நடத்துது. "எளிது"ல ஆரம்பிங்க.

கடைசியா, திரும்ப வேண்டிய அறிகுறிகள். நெஞ்சுல அழுத்தம். தோள், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவற வலி. குளிர்ந்த வியர்வை. தலைச்சுற்றல். பத்து நிமிஷம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சு. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே உட்காருங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க, தனியா நடக்காதீங்க, மேல போகாதீங்க. "கேஸ்"னு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க. அது கேஸா இல்லையான்னு கீழ போய் டாக்டர் சொல்லட்டும். கேஸாவே இருந்தா என்ன, அடுத்த மாசம் வந்து ஏறிக்கலாம்.

கூட போறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பின்னாடி வர்றவரை அடிக்கடி திரும்பிப் பாருங்க. "முடியலையா?"ன்னு கேட்காதீங்க, யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. "நான் கொஞ்சம் நிக்கணும், நில்லுங்க"ன்னு நீங்களே முதல்ல நில்லுங்க. அவருக்கு அது போதும்.

இவ்வளவுதான் இன்னைக்கு. உங்க ஊர்ப் பக்கம் பழகறதுக்கு ஏத்த சின்னக் குன்று எது இருக்குன்னு எழுதி அனுப்புங்க. எத்தனை படி, எத்தனை மணிக்குத் திறப்பாங்க, வழியில தண்ணி கிடைக்குமான்னு சேர்த்து எழுதினா, தொகுத்து ஒரு எபிசோடே போட்டுடலாம். இந்த வாரம் லிஃப்டை விட்டுட்டுப் படியில போங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க, போனைப் பார்க்கற மாதிரி நடிக்க வேண்டாம்.